கதவடைக்கும் திருநாள்

மும்பையில் வாழும் நம்மவர் பலர் நாள்தோறும் மின்சார வண்டியில் கடந்து செல்லும் நிலையங்களுள் மஸ்ஜித் என்பதும் ஒன்று. அப்பெயர் அருகிலுள்ள யூதர் ஆலயத்தால் வந்தது என்பர். மராத்தி பேசும் பெனே இஸ்ரேல் யூதர்கள் தம் ஆலயத்தை மஸ்ஜித் என்றே வழங்கி வந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் 1796ஆம் ஆண்டில் எழுப்பிய அவ்வாலயத்திற்குக் 'கருணை வாயில்' என்பது பொருள்படும் எபிரேயப் பெயர் உண்டு.

இம்மக்களின் முன்னோர் கொங்கணக் கரைச் சிற்றூர்களில் செக்காட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமைதோறும் செக்கை நிறுத்தி ஓய்ந்திருந்தமையால், 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அயலார் இவர்களை அழைத்தனர்.

யூதரின் திஷ்ரி மாதத்துப் பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்னும் பாவ நிவாரண நோன்பு. முதல் நாள் கதிரவன் மறையுமுன் தொடங்கி ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் இல்லை; நீரும் இல்லை. நீராடுதலும் தோற்செருப்பு அணிதலும் விலக்கு. ஆலயம் இல்லாதிருந்த நாளிலும் கொங்கணத்து யூதர்கள் இந்நோன்பைக் கைவிட்டாரல்லர். வெள்ளாடை உடுத்து, வீட்டுக் கதவை அடைத்து, அயலாரோடு கலவாது உள்ளேயே இருந்தனர். ஆகவே மராத்தியில் இதனைக் கதவடைக்கும் திருநாள் என்றனர்.

ஏகாதசி நோற்கும் நமக்குப் பட்டினி புதிதன்று. ஆயினும் இந்நோன்பின் விதியொன்று எண்ணத்தக்கது. இறைவனுக்குச் செய்த பிழையை இந்நாள் தீர்க்கும். பிறனுக்குச் செய்த பிழையை, அவனை அணுகி அவன் மனத்தை ஆற்றினாலன்றித் தீர்க்காது. இது மிஷ்னா என்னும் பழைய நூலின் முடிபு. தன் கதவை அடைக்குமுன் அயலான் கதவைத் தட்டியாக வேண்டும். பசித்திருத்தல் எளிது, பேச்சற்றுப் போன உடன்பிறந்தான் வீட்டுப் படியேறுதல் அன்றோ அரிது!

அந்திப்பொழுதில் நடைபெறும் இறுதி வழிபாட்டிற்கு 'நெயிலா' என்று பெயர். வாயிலடைப்பு என்பது பொருள். வானத்து வாயில் அடைபடுமுன் செய்யும் கடைசி வேண்டுதல் அது. ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதியதும் நோன்பு முடியும். மறுநாளோ, 'ஷிளா சண்' என்னும் பழைய திருநாள். அடைத்திருந்த கதவுகள் திறக்கும், ஏழைகளுக்கு ஈவர், உற்றார் உறவினரைக் கண்டு வருவர்.

1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் இவர்களுள் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். சில ஆயிரவரே இங்கு எஞ்சியுள்ளனர்.

ஊர்விட்டு ஊர் வந்த நம்மில் எத்தனையோ பேர் பழம் பிணக்குகளை ஊரிலேயே விட்டு வந்துள்ளோம். தொலைவு அவற்றை மறைக்கும், தீர்க்காது. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, கோயிலுக்குப் போகுமுன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோமாக.