மலையில் நோய்க்கு ஆகும் செலவு

மலேசியாவின் கேமரன் மலையில் உடம்புக்கு முடியாமல் போனால் டாக்டருக்கு ஆவது கொஞ்சம். அவரிடம் போய்ச் சேர ஆவதுதான் அதிகம். கல்யாணமாகிப் போடிநாயக்கனூரிலிருந்து இங்குள்ள கியா பார்முக்கு வந்த எனக்கு இந்தக் கணக்கு பிடிபட நாளாயிற்று.

ஊரில் இருந்தவரை மருத்துவக் காப்பீடு என்றாலே ஓர் அட்டைதான் நினைவுக்கு வரும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அப்போது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்த குடும்பங்களுக்குச் சந்தாவை அரசே கட்டியது. ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், பட்டியலில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கே அட்டையோடு போகலாம். நம்மை உள்ளே விடாத இடத்துக்குள் விடுவதுதான் காப்பீடு என்று பழகியிருந்தேன்.

இங்கே அரசாங்க மருத்துவமனை எல்லாரையும் உள்ளே விடுகிறது. மலேசியக் குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பார்க்கலாம். நிபுணருக்கு ஐந்து வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுத்தால் நாளுக்கு மூன்று வெள்ளி. என் மாமியார் தேயிலைக் கொழுந்து பறித்து, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் கொடுத்த மருந்தில் பிள்ளைகளை வளர்த்தவர். "ஒரு வெள்ளி குடுத்தா மருந்து தர்றாங்க. அப்புறம் எதுக்கும்மா இன்சூரன்ஸ்?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

பதிலைச் சொன்னது அவருடைய கண்புரைதான். தானா ராத்தாவில் இருப்பது மாவட்ட மருத்துவமனை. அங்கே தீராதது ஈப்போவுக்குப் போகும். கேமரன் மலை பஹாங் மாநிலத்தில் இருந்தாலும் எங்களுக்குப் பக்கம் பேராக்கின் ஈப்போதான். சிம்பாங் பூலாய் பாதையில் இறங்க வேண்டும். பரிசோதனைக்கு ஒரு பயணம், ஆபரேஷனுக்கு ஒன்று, கட்டுப் பிரித்துப் பார்க்க இன்னொன்று. ஒவ்வொரு முறையும் கூட ஓர் ஆள், வாடகைக் கார், சாப்பாடு. கணவர் கூடப் போனால் காய்கறிக் கடை மூடிக் கிடக்கும். நான் போனால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேட வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் இதெல்லாம் வராது.

அப்போதுதான் அரசாங்கத் திட்டங்களை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். 2019-இல் வந்த பெக்கா பி40, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயது நிறைந்தவர்களுக்கானது. இலவச உடல் பரிசோதனை உண்டு. கண் வில்லை, இதய ஸ்டென்ட் போன்ற கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது, இப்படிப்பட்ட சிகிச்சைக்குப் போய்வர தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை தருவது. திட்டம் தீட்டிய யாரோ ஒருவர் மலைப்பாதையில் பஸ் ஏறியிருக்க வேண்டும்.

அதே 2019-இல் தொடங்கிய மைசலாம் திட்டம் இழந்த கூலியைக் கணக்கில் எடுத்தது. தீவிர நோய் என்று உறுதியானால் ஒரே தடவையாக 8,000 வெள்ளி தந்தது. அரசாங்க மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 50 வெள்ளி, ஆண்டுக்கு 14 நாள் வரை. அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கு அந்த ஐம்பதின் அருமை தெரியும்.

தேர்வு என்ற ஒன்று எங்கள் கைக்கு வந்தது அரசாங்கம் தந்த பெர்லிண்டுங்கான் தெனாங் வவுச்சரோடுதான். 2021-இல் 50 வெள்ளி, அடுத்த ஆண்டு 75 வெள்ளி. வருமானம் குறைந்தவர்கள் அதை வைத்து மலிவான பாலிசி ஒன்றைத் தாங்களே பார்த்து எடுக்க முடிந்தது. அக்கம்பக்கத்தில் பலர் மரணத்துக்குப் பணம் தருவதையே கேட்டார்கள். அதில் தவறில்லை, தோட்டத்து வாழ்க்கையில் சாவுச் செலவுக்குக் கடன் வாங்கக் கூடாது என்பது ஒரு மானம். ஆனால் லாரியில் காய்கறிக் கூடை ஏற்றுகிறவருக்கு விபத்துக் காப்புறுதி பொருத்தம். சம்பளச் சீட்டே இல்லாத கடைக்காரருக்கு, படுத்த நாளுக்குக் காசு தருவது பொருத்தம். யார் வருமானம் நின்றால் வீட்டில் அடுப்பு அணையும் என்று முதலில் பார்க்க வேண்டும்; பாலிசியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

என் நிலைமை வேறு. நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்காரி. ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி எல்லாம் எனக்குக் கிடையாது. வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு. பெக்காவும் இல்லை, வவுச்சரும் இல்லை. ஒரே சமையலறையில் சாப்பிடும் எங்களுக்குள், காய்ச்சல் யாருக்கு வருகிறது என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். ஆகவே எனக்குத் தனியார் பாலிசிதான். எடுக்கும்போது முகவரிடம் கேட்டவை இவை: பொதுவான நோய்க்கு 30 நாள், சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லடைப்பு போன்றவற்றுக்கு 120 நாள் என்ற காத்திருப்புக் காலம் எப்போது முடிகிறது? பில்லில் என் பங்கு எவ்வளவு? எனக்கு ஐம்பது வயதாகும்போது சந்தா எங்கே நிற்கும்? பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம் என்பதால், அந்த நாட்களில் சிறிய எழுத்தையெல்லாம் படித்து முடித்தேன்.

மூன்றாவது கேள்வி வீண்போகவில்லை. சந்தா ஏறிய வேகத்தைப் பார்த்து, 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது; உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும் என்றது. இப்போது எல்லாருக்குமான அடிப்படை மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஒன்றைப் பற்றிக் கோலாலம்பூரில் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அதைப் பற்றிய பேச்செல்லாம் தனியார் மருத்துவமனை பில்லைச் சுற்றியே நடக்கிறது. தனியார் மருத்துவமனைகள் அடுத்தடுத்து நிற்கும் நகரத்துக்கு அது சரி. மலையில் இருப்பவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் கூடப் போகிறவரின் ஒருநாள் கூலியும் அந்தத் திட்டத்தில் ஒரு வரியாவது பெற வேண்டும். பெக்காவின் 500 வெள்ளி, அப்படி எழுத முடியும் என்று ஏற்கெனவே காட்டிவிட்டது. அதுவரை காப்புறுதித் துண்டறிக்கையோடு கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "படுத்தா நாளுக்கு எவ்வளவு தருவீங்க?"