நான்காவது அச்சம்

போன பருவத்தில் இளங்கலை மூன்றாமாண்டு மாணவிகளுக்கு 'இலக்கியமும் திரைப்படமும்' என்ற விருப்பப் பாடம் எடுத்தேன். த்ரில்லர் படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். சரி, பேசுவதற்கு முன் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள் என்றேன். எந்தப் படத்தில், எந்த இடத்தில் உண்மையிலேயே பயந்தீர்கள்?

32 தாள்கள் வந்தன. எதிர்பார்த்தபடி 'ராட்சசன்'தான் அதிகம். 2018இல் அந்தப் படம் வந்தபோது இவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். முகம் சிதைந்த பொம்மையையும் ஜிப்ரானின் பின்னணி இசையையும் பற்றி எழுதுவார்கள் என்று நினைத்தேன், எழுதியும் இருந்தார்கள். ஆனால் ஒன்பது பேர் கொலைகாரனைத் தொடவே இல்லை. மதிப்பெண்ணைக் காட்டி மாணவியை மிரட்டித் தனியே வரவழைக்கும் அந்த ஆசிரியர் வரும் காட்சியைத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் இரண்டே வரிகள்: "அந்த வாத்தியார் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். மீதிக் கதையைத் தம்பிதான் சொன்னான்."

அந்தத் தாளைத் திருத்தாமல் வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது தொல்காப்பியம். மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்கள். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் நமக்கு நன்றாகப் பழக்கமானவை. பேய்ப் படம், மிருகப் படம், கொள்ளைக்காரன் படம் என்று சுவரொட்டிகளில் பார்த்து வளர்ந்திருக்கிறோம். நான்காவதுதான் உறுத்துகிறது. இறை என்றால் அரசன் என்பதோடு பேராசிரியர் தம் உரையில் நிறுத்தவில்லை. தந்தையையும் ஆசிரியரையும் சேர்க்கிறார். (உரையாசிரியரின் பெயரே பேராசிரியர் என்பதை வகுப்பில் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள். நான் முழுதாகச் சிரிக்கவில்லை.)

என் ஆய்வு நெறியாளரை நாங்கள் ஐயா என்றுதான் அழைப்போம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. இயல் திருத்த மாலை ஐந்து மணிக்குமேல் வரச்சொல்வார். ஐந்து மணிக்குத் துறை அலுவலக உதவியாளர் அலமாரியைப் பூட்டுவார். சாவிக்கொத்துச் சத்தம். பிறகு அவருடைய ரப்பர் செருப்பு படியிறங்கும். பதினெட்டுப் படிகள், எண்ணியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் மின்விசிறியின் சத்தம் மட்டும்தான். ஐயா எழுந்து கதவருகே போவார். சில நாள் சாத்துவார். சில நாள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். எந்த நாள் எது என்று முன்கூட்டித் தெரியாது. கதவைச் சாத்த முடியாதபடி என் துணிப்பையை வாசற்படியில் வைக்கப் பழகினேன். "இடறி விழுந்திடுவேன்மா, எடுத்து உள்ள வை" என்பார். குரலில் அன்பு இருக்கும்.

மற்றதை இங்கே எழுதப்போவதில்லை. பட்டம் வாங்கிவிட்டேன். ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தில் முதல் பெயர் அவருடையது.

1962இல் த்ரூபோ என்ற பிரெஞ்சு இயக்குநர் எடுத்த நீண்ட நேர்காணலில் ஹிட்ச்காக் ஓர் உதாரணம் சொல்வார். சினிமா படிக்கும் எல்லோருக்கும் அது பாலபாடம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கடியில் குண்டு. யாருக்கும் சொல்லாமல் அதை வெடிக்க வைத்தால் பார்வையாளருக்கு 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை நமக்கு மட்டும் முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடம் பதற்றம். இந்தக் கணக்கு சரியானதுதான். திருப்பத்தை மட்டும் நம்பும் படங்கள் இரண்டாம் முறை பார்க்கும்போது சப்பென்று ஆகிவிடுவது இதனால்தான். ஆனால் அவருடைய உதாரணத்தில் மேசையில் இருப்பவர்களுக்குக் குண்டு தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் "சரிங்கய்யா, அடிக்குறிப்ப மாத்திடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது மாணவிகள் எழுதியதும் இதைத்தான் என்று தோன்றுகிறது. 'ராட்சசன்' அந்த வகுப்பறையில் வென்ற அளவு வேறெந்த இடத்திலும் வெல்லவில்லை. அங்கே திடுக்கிட வைக்க எதுவும் தேவைப்படவில்லை. பெண் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் காட்டினால் போதுமாக இருந்தது.

பெண்ணுக்குத் தெரிந்ததை நம்பி எடுத்த படம் என்றால் எனக்கு 1967இல் வந்த 'வெயிட் அன்டில் டார்க்' ஞாபகம் வரும். ஆட்ரி ஹெப்பர்ன் பார்வையற்றவளாக நடித்திருப்பார். வீட்டுக்குள் கயவர்கள் வரப்போவது தெரிந்ததும் அவள் விளக்குகளை ஒவ்வொன்றாக உடைப்பாள். இருட்டு அவளுக்குப் பழக்கம், வருகிறவனுக்கு இல்லை. குளிர்பதனப் பெட்டிக்குள் ஒரு விளக்கு இருப்பது மட்டும் அவள் நினைவில் இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் பெட்டி திறக்கும்போது என் கை தானாகப் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும். தன் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் அறிந்த ஒருத்தி ஒரே ஒரு பொருளை மறந்துவிட்டாள், அவ்வளவுதான். அந்த மாடியின் பதினெட்டுப் படிகளை நான் அறிந்திருந்ததும் அப்படித்தான்.

படங்கள் எங்கே படுத்துவிடுகின்றன என்று கேட்டால் பெரும்பாலும் பிளாஷ்பேக்கில் என்பேன். 'சிகப்பு ரோஜாக்கள்' 1978இல் வந்தது. நான் அதைப் பிற்பாடு தொலைக்காட்சியில் அம்மாவோடு பார்த்தேன். ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்; அந்த வீட்டில் தனியே நடமாடும் ஸ்ரீதேவிக்குத் தெரியாது. அதுவரை பாரதிராஜா நம்மை அசையவிடுவதில்லை. பிறகு கொலைகாரனின் சிறுவயதுக் கதை வந்துவிடும், பெண்களால் அவன் பட்ட பாடு. வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "அவனுக்கு எவளோ பண்ணதுக்கு இவளுங்க என்னடி பண்ணுவாளுங்க?" இந்த ஒரு வரியைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் படித்ததில்லை. 'மூடுபனி'யிலும் ஒரு தாயின் கதை உண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்து 'ராட்சசன்' வந்தபோதும் பள்ளியில் ஒரு பெண் நிராகரித்தாள் என்றே கதை போகிறது. 'சைக்கோ'கூடக் கடைசியில் ஒரு மனநல மருத்துவரை நிற்கவைத்து விளக்கம் சொல்லவைத்தது. விளக்கம் வந்த நிமிடமே பதற்றம் வடிந்துவிடுகிறது. அதோடு படம் யார் பக்கம் திரும்பிக்கொண்டது என்பதும் தெரிந்துவிடுகிறது. கொன்றவனுக்கு ஒரு முழு இளமைக்காலம் கிடைக்கிறது. செத்துப்போன பெண்ணுக்குச் சுவரில் ஒட்டிய புகைப்படம்.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இலேயே வேறு விதமாகச் செய்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. செத்துக் கிடக்கும் ராஜனைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எழுபது ஆண்டு ஆகிவிட்டதால் முடிவைச் சொன்னால் பாவமில்லை. அவன் எதிரி நாட்டுக்கு உளவு சொல்பவன் என்று மனைவி உஷா கண்டுபிடித்துவிட்டிருந்தாள். துப்பாக்கி அவள் கையில்தான் இருந்தது. கடைசிக் கதை பண்டரிபாயினுடையது. கள்வன் வெளியே இல்லை, தம் இறையே வீட்டுக்குள் இருக்கிறான் என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. உஷாவின் நாட்டுப்பற்றைக் கொஞ்சம் உரக்கவே பேசவிட்டார்கள் என்று எனக்குக் குறை உண்டு. ஆனாலும் அவளைப் பேசவிட்டார்கள்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வரிகள் எழுதியவளின் தாளில் மதிப்பெண் போடவில்லை. தினமும் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை துறையில் இருப்பேன், இன்னும் மூன்று பேர் கூடவே இருப்பார்கள் என்று மட்டும் எழுதினேன்.

ஒரு வாரம் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன். தோழி உட்கார்ந்தாள், இவள் நின்றுகொண்டே இருந்தாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படத்தைப் பற்றித்தான் பேசினோம்.

"அந்த வாத்தியார் பாதியிலேயே செத்துடுவார்னு தம்பி சொன்னான். அதுக்கப்புறம் அந்த ஸ்கூல் பிள்ளைங்க என்ன ஆனாங்கம்மா? அவங்க மறுநாள் கிளாசுக்கு வந்தாங்களா?"

படத்தில் அது இல்லை என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.