மகளுக்கு வாங்கிய வரைபலகை



எங்கள் மூத்த மகளுக்குச் சிறுவயது முதலே அரபு எழுத்தணிக் கலையில் நாட்டம் உண்டு. மதரஸா நோட்டின் கடைசிப் பக்கங்களில் அலிஃபும் லாமும், கொடிகளும், எண்கோண நட்சத்திரங்களும் நிறைந்திருக்கும். பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில், "இதைக் கணினியில் வரையப் பழகினால் கல்யாணப் பத்திரிகைகளுக்கு வடிவமைத்துக் கொடுக்கலாம், வாப்பா" என்றாள். அதற்குரிய கருவியைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மாத காலம் விசாரித்து அறிந்தவற்றையும், அதனூடே எங்களுக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தையும், பிள்ளைகளுக்கு இத்தகைய கருவி வாங்க எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று இங்கே எழுதுகிறோம்.

வரைபலகைகள் இரு வகைப்படும். திரையுள்ள பலகையில், காகிதத்தில் எழுதுவது போலவே பேனா படும் இடத்தில் கோடு தோன்றும். திரையில்லாத பலகையில் கை மேசை மீது இயங்க, கண் கணினித் திரையைப் பார்த்திருக்க வேண்டும். மகள் ஆசைப்பட்டது முதல் வகை. அதன் விலையோ மற்றதைப் போலப் பன்மடங்கு. கடைக்காரர் மாதத் தவணை உண்டு என்றார். அதில் வட்டியும் இருந்தது. வேண்டாம் என்று திரும்பினோம். மகளின் முகம் வாடியதை மறைப்பதற்கில்லை.

திரையில்லாத பலகையில் முதல் இரண்டு வாரங்கள் கை ஒரு புறமும் கண் ஒரு புறமும் இழுக்கும். பின்னர், மவுஸ் பழகியது போல இதுவும் பழகிவிடும். குனியாமல் நிமிர்ந்து அமர்ந்து வரைவதால் கழுத்துக்கும் நல்லது.

வாங்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது வரையும் பரப்பு. ஏறத்தாழ ஆறு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் தொடக்கநிலையில் உள்ளவருக்குப் போதுமானவை. அதனினும் சிறியதில் மணிக்கட்டு மட்டுமே அசையும். நீண்ட வளைவுகள் கைகூடா. அடுத்து, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் அழுத்த அளவு. 'ஒன் பை வாக்கம்' பலகையில் அது 2048. ஹியூவான் நிறுவனத்தின் எச்640பி பலகையில் 8192. புதிதாகப் பழகும் கைக்கு இந்த வேறுபாடு புலப்படாது. எழுத்தணிக்கு அது இன்னும் குறைவாகவே தேவை. நாணல் கலமின் கோடு தடிப்பதும் மெலிவதும் முனையின் வெட்டாலும் அதைப் பிடிக்கும் கோணத்தாலும் அமைவனவே, அழுத்தத்தால் அல்ல. மின்கலம் தேவைப்படாத பேனாவா, மாற்று முனைகள் உடன் வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பலகையில் உரசி முனை தேயும். தேய்ந்ததைப் பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் கணினி இல்லாதவர்கள், ஆண்ட்ராய்டு கைப்பேசியுடன் இணையும் மாதிரியா என்று கேட்டு வாங்கலாம். நாங்கள் வாங்கியது நான்காயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இனி அந்தச் சங்கடம். பலகை வந்த அன்று மாலை எங்கள் காக்கா மகன் ஒரு பென்டிரைவுடன் வந்தான். மாதந்தோறும் சந்தா கட்டிப் பயன்படுத்த வேண்டிய புகழ்பெற்ற மென்பொருள் ஒன்று, பூட்டுடைக்கப்பட்ட நிலையில் அதில் இருந்தது. தங்கைக்கு உதவ வேண்டும் என்ற அன்பைத் தவிர அவன் மனத்தில் வேறொன்றும் இல்லை. மகள் தயங்கினாள். "இதை வைத்துச் சம்பாதித்தால் அந்தக் காசு ஆகுமா?" என்று கேட்டாள். "ஆகாது, பிறர் உழைப்பை அவர் அனுமதியின்றி எடுப்பது அது" என்று உடனே சொன்னோம்.

அவள் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் நம் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது?" என்றாள்.

எங்களிடம் மறுமொழி இல்லை. கடைக் கணினியின் இயங்குதளமும் கணக்கு மென்பொருளும், பழுது பார்க்க வந்தவர் ஆறாண்டுகளுக்கு முன் ஏற்றிக் கொடுத்தவை. உரிமம் உண்டா என்று நாங்கள் கேட்டதே இல்லை. எடையிலும் அளவிலும் ஒரு குண்டுமணி குறையக் கூடாது என்று கடைப் பையன்களைக் கண்டித்து வந்த நாங்கள், அந்தக் கணினியில்தான் நாள்தோறும் பில் போட்டுக்கொண்டிருந்தோம்.

மகளுக்கான வழி எளிதாகவே கிடைத்தது. கிரிட்டா என்னும் மென்பொருளை அதை ஆக்கியவர்களே எல்லோருக்கும் இலவசமாக வழங்குகிறார்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். மனமுள்ளவர்கள் நன்கொடை அளிக்கலாம். அதன் பல்தூரிகைக் கருவியில் நட்சத்திரத்தின் ஒரு கூறினை வரைந்தால் மற்றக் கூறுகள் தாமே உருவாகும். டபிள்யூ விசையை அழுத்தினால், ஓடு பதித்தது போல ஒரே வடிவம் எல்லாத் திசையிலும் தொடர்ந்து தெரியும். அச்சகத்தார் கேட்கும் நான்கு வண்ண முறையும் அதில் உண்டு. எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்தின் விளிம்பு சிதையாதிருக்க இங்க்ஸ்கேப் உதவும், அதுவும் இலவசமே.

தொடங்கும் முன் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்க. வேறு வரைபலகையின் டிரைவர் கணினியில் இருந்தால் முதலில் அதை நீக்கிவிட வேண்டும். பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு பொருத்த வேண்டும். இல்லையேல் வட்டம் வரைந்தால் முட்டை வரும். மகள் மூன்று நாள் தன் கையையே நொந்துகொண்டிருந்தாள். பிழை கையில் இல்லை.

கடைக் கணினிக்கு அவ்வளவு எளிய வழி இல்லை. இரு மென்பொருள்களுக்கும் அடுத்தடுத்த மாதங்களில் உரிமம் வாங்கினோம். வரைபலகையை விட அதற்கே அதிகம் செலவாயிற்று. கடந்த ஆறாண்டுகளைப் பற்றிப் பள்ளி இமாமிடம் கேட்க நாணமாக இருந்தது, ஆயினும் கேட்டோம். இனித் தொடராதிருப்பதும் அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடுவதும் உடனே செய்ய வேண்டியவை என்றார். காக்கா மகனிடமும் பேசினோம். அவன் சிரித்தான், ஆனால் கிரிட்டாவைத் தன் கணினியிலும் ஏற்றிக்கொண்டான்.

இப்போது மகள் அடுத்த தெருவிலுள்ள ஒரு குடும்பத்தின் கல்யாணப் பத்திரிகைக்குக் கரை வரைந்துகொண்டிருக்கிறாள். அலிஃப் இன்னும் சற்றுச் சாய்ந்தே நிற்கிறது. அழித்து மீண்டும் வரைகிறாள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் அச்சுக்குப் போகும். அவளுக்காகவும் எங்களுக்காகவும் துஆச் செய்யுங்கள்.