நாற்பது ஆண்டு கழித்துக் கேட்ட சத்தம்

'பைலான் பாக்ஸ்' 2020 நவம்பரில் வெளிவந்தது. நான்கு இசைத்தட்டுகள், கூடவே 200 பக்கப் புத்தகம். அதில் நான் திரும்பத் திரும்ப எடுப்பது 'ராஸ் டேப்' என்கிற தட்டைத்தான். பைலான் என்ற ராக் குழு 1979இல், ஒரு பாட்டுகூட வெளியிடாத நாளில், பதிவுசெய்த ஒலிநாடா அது. நாற்பது ஆண்டுகளுக்குமேல் வெளிவராமல் கிடந்தது.

பைலான் பிறந்த ஏதென்ஸ், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கே கலை படித்த ராண்டி பியூலி கிதாரையும் மைக்கேல் லகோவ்ஸ்கி பேஸையும் கையில் எடுத்தார்கள். இருவருக்கும் முறையாக வாசிக்கத் தெரியாது. ஒரே துணுக்கை மணிக்கணக்கில் வாசிப்பார்கள். மாடியில் குடியிருந்த கர்டிஸ் க்ரோவுக்கு அது தரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் இறங்கி வந்து கதவைத் தட்டி, டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்துவிட்டார். பாட வந்தவர் வனெஸ்ஸா பிரிஸ்கோ. நியூயார்க்கில் ஒருமுறை வாசிக்க வேண்டும், பத்திரிகையில் ஒரு விமர்சனம் வர வேண்டும், அத்தோடு கலைந்துவிட வேண்டும்: அவர்கள் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

வாசிக்கத் தெரியாததுதான் அவர்களுக்கு வாய்த்த வரம் என்பேன். பியூலி தந்திகளைத் தன் காதுக்குப் பிடித்தபடி முறுக்கிக்கொண்டார். அந்தக் கிதார் மெட்டைச் சுமப்பதில்லை, தாளத்தைச் சுரண்டுகிறது. மெட்டு பேஸில் ஓடுகிறது. அதன்மேல் வனெஸ்ஸா கட்டளையிடுகிறார், உறுமுகிறார், திடீரென்று கத்துகிறார். குழுவில் சிலர் டூபான்ட் ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலைச் சுவரின் எச்சரிக்கைப் பலகைபோல் வரிகள் கட்டையாக, கறாராக விழுகின்றன. ஆனாலும் கால் சும்மா இருக்காது. இது ஆடுவதற்கான இசை.

'ஜைரேட்' ஆல்பம் 1980இல் வந்தது, 'சோம்ப்' 1983இல். யூ2 குழுவுக்கு முன்னால் மேடையேறும் வாய்ப்பும் வந்தது. பெரிய அரங்குகள் அவர்களுக்கு ஒட்டவில்லை. வாசிப்பதில் இருந்த சந்தோஷம் போவதற்குள் நிறுத்திவிடலாம் என்று அந்த ஆண்டே கலைந்தார்கள். இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1987இல் அமெரிக்காவின் சிறந்த ராக் குழு என்று ஆர்.ஈ.எம். குழுவை 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அறிவித்தபோது, அந்தப் பெயர் பைலானுக்கே உரியது என்று சொன்னவர் ஆர்.ஈ.எம்.மின் டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரி. அதே ஊர்க்காரர், அவர்களை நேரில் கேட்டவர்.

பிறகு மறுபடி சேர்ந்தார்கள், 1990இல் ஓர் ஆல்பம் போட்டார்கள், மீண்டும் பிரிந்தார்கள். 2009இல் பியூலி மாரடைப்பில் இறந்தார். வனெஸ்ஸா இன்றும் வேறு கலைஞர்களோடு அந்தப் பாடல்களைப் பாடுகிறார். ஆனால் பைலான் என்று மட்டும் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. 'பைலான் ரீஎனாக்ட்மென்ட் சொசைட்டி' என்றே மேடையேறுகிறார். பியூலி இல்லாமல் அந்தப் பெயர் தனியாக நிற்காது என்பதை 'ராஸ் டேப்' ஒலிநாடாவைக் கேட்கும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். அதில் அவர் கிதார் இன்னும் முதல் நாள்போலவே சுரண்டிக்கொண்டிருக்கிறது.