தேவதைச் சீட்டு

ஊர்விட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைப் புகட்டுவது எளிய செயலன்று. எங்கள் மகனுக்கு அதைப் புகட்டியவள், எதிர்பாராத வகையில், ஒரு சீட்டுக்கட்டில் குடியிருந்த தேவதை.

2012 கோடையில் அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவனுக்கு ஒரு பெட்டி நிறையச் சீட்டுகளைப் பரிசளித்தார். சீட்டென்றாலே முகம் சுளிக்கும் குடும்பம் எங்களுடையது. இது பணம் வைத்து ஆடுவதன்று, சேகரித்து ஆடுவது என்று அவர் விளக்கினார். ரிச்சர்டு கார்ஃபீல்டு வகுத்து, 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ அது.

புனேயில் எங்கள் கூடத்தில் ஞாயிறுதோறும் நான்கு பிள்ளைகள் கூடுவர். தாய்மொழிகள் நான்கு, வழக்காடுவது இந்தியில். வழக்கின் பொருள் பெரும்பாலும் ஒரே சீட்டு: செர்ரா ஏஞ்சல். முதல் பதிப்பிலேயே இடம்பெற்றவள். ஐந்து மனா செலவிட்டால் களத்துக்கு வருவாள், வலிமை நான்கு, உறுதி நான்கு, பறப்பாள். பிற உயிர்கள் தாக்கச் சென்றால் சீட்டைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். எதிரியின் முறையில் அவற்றால் தடுக்க இயலாது. இவளோ தாக்கிய பின்னும் நிமிர்ந்து நின்று காவல் புரிவாள்.

மராத்திப் பிள்ளைக்கு அவள் பழங்கதை. அதே ஐந்து மனாவுக்கு 2009இல் வந்த பேன்ஸ்லேயர் ஏஞ்சல் ஐந்துக்கு ஐந்து. அடிக்கும் அளவுக்கு ஆயுளும் கூட்டுவாள். பின் இவள் எதற்கு என்பான். ஒரே மனாவில் ‘சோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ்’ அவளை அகற்றிவிடும், ஐந்தும் வீண் என்பான் வங்காளப் பிள்ளை. மலையாளப் பிள்ளை விடமாட்டான். ‘லைட்னிங் போல்ட்’ தருவது மூன்று அடி; நான்கு உறுதி உடையவளை அது வீழ்த்தாது. 1990களின் நடுவில் பிரயன் வைஸ்மன் எதிரியின் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, இரண்டே செர்ராக்களைக் கொண்டு வென்றாரே! 1997இல் ஐந்தாம் பதிப்பில் விடுபட்டவள் 2001இல் ஏழாம் பதிப்பில் திரும்பினாளே! பயனற்றவளையா திரும்ப அழைப்பார்கள்?

எங்கள் மகன் தாத்தாவின் கட்சி. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அவருக்கு இந்தி தெரியாது. பேரன் விதிகளைச் சொல்லச் சொல்ல, துண்டுத் தாளில் தமிழில் எழுதி ஒவ்வொரு சீட்டின் உறைக்குள்ளும் செருகி வைத்தார். செர்ராவின் பின்னே இருந்தவை இரு வரிகள்: “போருக்குப் போனாலும் காவல் விடாள். பறப்பாள்.” எத்தனையோ பாடநூல்கள் வாங்கித் தந்தும் படியாத எழுத்து, அத்தாள்களால் அவனுக்குப் படிந்தது.

2014இல் தாத்தா மறைந்தார். 2016இல் பொதுத் தேர்வு நெருங்கியபோது, ஆட்டம் படிப்பைக் கெடுக்கிறது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்து, பெட்டியைப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டுவிட்டோம். துண்டுத் தாள்களை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். அன்று மதிப்பெண்தான் நினைவில் நின்றது. பள்ளியிலிருந்து வந்தவன் சத்தமிடவில்லை. “தாத்தா கையெழுத்தும் போயிடுச்சாப்பா?” என்று மட்டும் கேட்டான். அதற்கு எங்களிடம் விடை இல்லை. அதன்பின் பல மாதங்கள் எங்களிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

அவன் இப்போது பெங்களூரில் பணிபுரிகிறான். சென்ற பொங்கலுக்கு அவன் வருமுன், தேடி அலைந்து ஒரு செர்ரா சீட்டை வாங்கி வைத்தோம். பதிப்பு வேறு, படமும் வேறு. நெடுநேரம் பார்த்தான். பிறகு ஒரு துண்டுத் தாள் கேட்டு வாங்கி, நினைவிலிருந்து அந்த இரு வரிகளை எழுதி, உறைக்குள் செருகினான். ‘பறப்பாள்’ என்பது ‘பரப்பாள்’ என்றிருந்தது. பிழை எங்கள் கண்ணில் பட்டது. திருத்த மனம் வரவில்லை.