அட்டையும் பட்டையும்

ஈஜிபுராவில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் ஒரே கேள்விதான்: "ரூம் காலி பண்றீங்களா தம்பி?" காட்டுக்குப் போகிறோம் என்றதும் பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். 2017-ல் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்த மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவே பிழைத்தவர்களுக்குத் தனியாக ஒரு காடு எதற்கு என்பது அவர் கட்சி. ஆனாலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: ஏலக்காய், மிளகு, பட்டை.

வெள்ளி இரவு மடிவாளாவில் பஸ் பிடித்தோம். அறை நண்பனுக்குப் புலியைப் பார்க்க வேண்டும். எனக்குச் சீட்டு போதும். காலையில் கண் விழித்தபோது லோயர் கேம்ப். பெரியாற்று நீரை மின் நிலையத்துக்குக் கொண்டு வரும் ராட்சதக் குழாய்கள் மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்து மலைப்பாதை ஏறினால் குமுளி. பாதி ஊர் தமிழ்நாடு, பாதி கேரளம். காற்றில் மட்டும் எல்லை இல்லை, எங்கும் ஏலக்காய் வாசனை.

பக்கத்திலேயே தேக்கடி. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை காட்டை மூழ்கடித்ததில் பிறந்த ஏரி அது. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னமும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின் மீது சிறகு காய வைக்கின்றன. சுற்றியுள்ள காடு 1978 முதல் புலிகள் காப்பகம். இன்றைய பரப்பு 925 சதுர கிலோமீட்டர். படகிலிருந்து தூரத்தில் ஒரு மிளா தென்பட்டதும் பயணிகள் போட்ட கூச்சலில் அது திரும்பி ஓடியது. நாங்கள் பார்த்தது அதன் வாலைத்தான். புலிக்கு எங்களைவிட அறிவு அதிகம், எட்டியே பார்க்கவில்லை.

மதியம் ஒரு வாசனைப் பொருள் தோட்டம். ஏலக்காய் மரத்தில் காய்க்கும் என்று அதுவரை நம்பியிருந்தான் நண்பன். செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் தண்டில் அது காய்த்துக் கிடந்தது. கருமிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடியின் பிள்ளைகள். கிராம்பு என்பது விரியாத மொட்டு. வனிலாப் பூவுக்கோ இங்கே மனிதன்தான் வண்டு, ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். 1841-ல் ரீயூனியன் தீவில் அந்த எளிய முறையைக் கண்டுபிடித்தவன் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். ஏலத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு மர நிழலும் தேனீயும் வேண்டும். அதாவது, காடு வேண்டும்.

மறுநாள் காலை வழிகாட்டியோடு காட்டுக்குள் நடை. முழங்கால் வரை துணி உறை கட்டிவிட்டார்கள், அட்டைகளுக்காக. அப்படியும் ஓர் அட்டை நண்பனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவன் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தபோது வழிகாட்டி ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார். வயணா, காட்டு இலவங்கம். ஒரு காலத்தில் இதன் பட்டையை இரவோடிரவாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் நின்ற இடத்திலேயே செத்துப்போகும்.

அவர்களைப் பிடிப்பதும் வழக்குப் போடுவதும் பலன் தரவில்லை. 1998-ல் வனத்துறை அவர்களையே அழைத்துப் பேசியது. கடத்தலை விட்டவர்கள் ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவாகி, பயணிகளுக்கு வழிகாட்டவும் காட்டில் ரோந்து போகவும் தொடங்கினார்கள். திருடனுக்குத் தெரியாத பாதை காட்டில் ஏது? நடைக்கு நாம் கட்டும் பணம் அந்த அடுப்புகளுக்கும் போகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறைத்தது. பட்டைக்கு ஆள் இருந்ததால்தானே அன்று மரம் உரிபட்டது? வாங்கியவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே?

குமுளிக் கடைத்தெருவில் சீட்டை எடுத்தேன். ஏலக்காய் ஆயிற்று, மிளகு ஆயிற்று. மூன்றாவது வரியில் நின்றேன். "தோட்டத்துப் பட்டையா, காட்டுப் பட்டையா?" என்று வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தோட்டத்ததுதான் சார். போன வாரம் ஒருத்தர் இதையே கேட்டார். அவருக்கும் அட்டை கடிச்சிருந்தது" என்றார்.