மோட்டார்க் கம்பியும் சந்திரகாந்தமும்

அப்புச்சி ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். சரளை கலந்த மேட்டுக்காடு. கொழுக்கட்டைப் புல் தானாக வரும். மற்றதெல்லாம் வானம் பார்த்துத்தான். சுற்றிலும் கிளுவை வேலி. நல்ல மழை ஒன்று பெய்து விட்டால் மறுநாள் சாயங்காலம் ஊரில் பாதிப்பேர் குனிந்த தலையோடு காட்டுக்குள் நடப்பார்கள். மேல்மண் கழுவிப் போனதும் கல் தலைகாட்டும். இறங்கு வெயிலைப் பார்த்து நடந்தால்தான் மினுக்கம் கண்ணில் படும் என்பது அப்புச்சியின் கணக்கு.

கைக்கு வருவது பெரும்பாலும் வெங்கச்சாங்கல்தான். அதற்கு விலை கிடையாது. ஆனால் ராத்திரி போர்வைக்குள் புகுந்துகொண்டு இரண்டு வெங்கச்சாங்கல்லை உரசினால் கல்லுக்குள்ளேயே மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்து போகும், கூடவே தீய்ந்த வாசனை. பட்டாசு வாங்கித் தராத வீட்டில் அதுதான் எங்களுக்குத் தீபாவளி. அதிர்ஷ்டம் இருந்தால் ஊதாக்கல் சில்லு கிடைக்கும். இன்னும் இருந்தால் சந்திரகாந்தம். அதை வாங்க டி.வி.எஸ். 50-ல் ஆட்கள் வருவார்கள். சட்டைப்பையில் மடித்த காகிதப் பொட்டலங்கள் இருக்கும், கல்லைப் பார்த்ததும் முகம் அசையாது. சந்தோஷத்தை மறைக்கத் தெரிவதுதான் அந்த வியாபாரத்தின் முதல் பாடம் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வீதியில் கல் தீட்டும் மாமா ஒருவர் இருந்தார். அரக்கைச் சூடாக்கிக் குச்சி நுனியில் கல்லை ஒட்டி, சுழலும் சக்கரத்தில் பொடியும் தண்ணீருமாகக் காட்டிக்கொண்டே இருப்பார். சந்திரகாந்தத்துக்குப் பட்டை வெட்டுவதில்லை. மேற்புறத்தை உருண்டையாக விட்டு அடியைத் தட்டையாக்குவார்கள். அப்போதுதான் அந்த நீலப் பால்நிறம் மேலே மிதக்கும். கல்லுக்குள் இரண்டு வகைத் தாது மெல்லிய ஏடுகளாக மாறி மாறி அடுக்கியிருப்பதும், அந்த ஏடுகளில் பட்டு ஒளி சிதறுவதும் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. மாமா சொன்னது வேறு: "உள்ள ஆள் இருக்குது கண்ணு, திருப்பிப் பாரு, நகரும்." விரிசல் விழுந்தது, கறை ஓடியது, ஓரம் பெயர்ந்தது என்று அவர் ஒதுக்கிய கல்லெல்லாம் எங்கள் டவுசர் பைக்கு வரும்.

அவற்றை நகையாக்கியவள் சின்னம்மா. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கல்லில் ஓட்டை போட வீட்டில் எதுவும் கிடையாது. இருந்தாலும் சந்திரகாந்தம் தாங்காது. மோ அளவில் அதன் கடினம் 6-தான். அதைவிட மோசம், ஏடு ஏடாகப் பிளந்துகொள்ளும் குணம். தட்டார் வீட்டுக்குக் கொண்டுபோய் வெள்ளியில் கட்டலாம் என்றால் அம்மாயி விடமாட்டாள். "கண்ட கல்லுக்கெல்லாம் வெள்ளியா?" என்பாள். அதனால் சின்னம்மா கம்பியால் கட்டினாள்.

கம்பிக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே கிடையாது. கோடையில் கிணற்றுத் தண்ணி கீழே போகும், கரண்ட் வோல்டேஜும் கூடவே போகும், மோட்டார் காயில் புகைந்துவிடும். சந்தைப்பேட்டை வைண்டிங் கடையில் கருகிய காயில்கள் குவிந்து கிடக்கும். முழுக் காயில் எடைக்குப் போகும். வெட்டி விழுந்த துண்டுகளைக் கடைக்காரர் சும்மா கொடுப்பார். சின்னம்மா அவற்றை அடுப்புத் தணலில் போட்டுச் சிவக்கவைத்துத் தண்ணீரில் போடுவாள். மேல்பூச்சு உரிந்துபோகும், கம்பியும் இளகும். செம்பு அப்படித்தான்: வளைக்க வளைக்க விறைத்துக்கொள்ளும், சுட்டால் மறுபடி சொன்னபடி கேட்கும். புளி போட்டுத் தேய்த்ததும் புதுச் செம்புக்குட நிறம் வந்துவிடும்.

கட்டுவதைப் பார்ப்பதே ஒரு பொழுது. பருமனான கம்பி மூன்றை இணையாக வைத்து, மெல்லிய கம்பியால் நடுவில் நெருக்கிச் சுற்றுவாள். அதைக் கல்லின் விளிம்பைச் சுற்றி வளைத்து, மேலே இரு முனையையும் சேர்த்துக் கழுத்துப்போலக் கட்டுவாள். பிறகு முன்கம்பியை அங்கங்கே உள்பக்கம் இழுத்துவிட, அது கல்லைப் பற்றிக்கொள்ளும். பின்கம்பியும் அதேபோல். மிச்ச முனையைக் குடைக்கம்பியில் சுற்றினால் நூல் கோக்க வளையம் தயார். மூக்குக் குறட்டின் பல் செம்பில் பதியாதிருக்க அதன் வாயில் துணி சுற்றியிருப்பாள். சந்திரகாந்தத்தின் முகத்துக்கு மேல் மட்டும் கம்பி போகக் கூடாது. "ஆள் நடக்கற எடத்துல வேலி போடுவாங்களா?" என்பாள். பசை இல்லை, பற்றாசு இல்லை, பிடிமானம் ஒன்றுதான்.

1985-ல் நொய்யல் கரையில் கொடுமணலைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பேச்சு பஸ்ஸேறி எங்கள் ஊருக்கும் வந்தது. ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே கல்மணி செய்திருக்கிறார்கள். நீலக்கல் எங்கள் சிவன்மலையிலிருந்தும் பச்சைக்கல் படியூரிலிருந்தும் போயிருக்கிறது. அந்தப் படியூரில்தான் 1819-20-ல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சுரங்கம் நடத்தினார். கொடுமணல் மணிகளில் இருபுறமும் குடைந்து நடுவில் சந்திக்கவைத்த ஓட்டை இருந்ததாம். அப்புச்சி இதை ஏதோ தன் பங்காளிகள் செய்ததுபோலத் திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னம்மா நிமிரவில்லை. "ஓட்டை போடத் தெரிஞ்சவங்க போட்டாங்க, நமக்குத் தெரிஞ்சது கட்டறது" என்றாள்.

தைப்பூசத்துக்குச் சிவன்மலைத் தேர் பார்க்கப் போனபோது என் கழுத்தில் அவள் கட்டிய சந்திரகாந்தம் தொங்கியது. கூட்டத்தில் கல் வியாபாரி ஒருவர் என்னை நிறுத்தி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் விரிசல் இருந்தது; முன்னால் நீலம் நன்றாகவே ஓடியது. பிரித்துப் பார்க்க நகத்தால் கம்பியைக் கிளப்பினார், அசையவில்லை.

"கல்லு என்ன வெலை அம்முணி?"

"கல்லு சும்மா கெடைச்சதுங்க, அதுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள் சின்னம்மா. "கட்டுன கூலி இருவது ரூவா குடுங்க."

அவர் முகம் முதல்முறையாக அசைந்தது. பதினைந்துக்குக் கேட்டார். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தேர் இருந்த பக்கம் நடந்தாள்.